மானியமா, உத்தரவாதமா, வட்டிச் சலுகையா: முதல் தொழிற்கடனுக்கு எந்தத் திட்டம்?

தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தத் திட்டத்தில் மானியம் அதிகம்?" கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டுக்கொண்டு வங்கிக்குப் போனால் பல சமயம் பொருந்தாத திட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரும். அடகு வைக்க நிலமில்லாதவர், வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவர், பெயரில் ஒரு சொத்தும் இல்லாத பெண், குடும்பத்தில் முதல் ஆளாகத் தொழிலுக்கு வருகிறவர் ஆகியோருக்கு மானிய சதவீதத்தைவிட முக்கியமான கேள்விகள் மூன்று உண்டு. அரசின் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது? எப்போது சேருகிறது? அது வரும்வரை நம் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்?

தமிழ்நாட்டில் இன்று ஒருவர் அணுகக்கூடிய முக்கியத் திட்டங்களை இந்தக் கேள்விகளை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். முத்ரா, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி., தமிழக அரசின் யு.ஒய்.இ.ஜி.பி., நீட்ஸ், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவை அவை. எல்லாவற்றிலும் கடன் தருவது வங்கிதான் (நீட்ஸில் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும், முத்ராவில் மைக்ரோ ஃபைனான்ஸ் எனும் சிறுகடன் நிறுவனங்களும் தருகின்றன). அரசு அந்தக் கடனுக்குப் பின்னால் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

முத்ரா: அரசு வங்கிக்குத் தரும் தைரியம்

2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய முத்ரா திட்டத்தில் மானியம் கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "முத்ரா லோன் மானியம்" என்று தேடி வருகிறவர்கள் இன்றும் நிறைய. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். 2024 அக்டோபரில் தருண் பிளஸ் என்று 20 லட்சம் வரை நீட்டினார்கள். ஆனால் அது தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு மட்டும்.

இதில் பொதுப்பணம் வேலை செய்யும் இடம் இரண்டு. ஒன்று, முத்ரா நிறுவனம் வங்கிகளுக்கும் சிறுகடன் நிறுவனங்களுக்கும் மறுநிதி, அதாவது அவை கடன் கொடுப்பதற்கான பணம், தருகிறது. இன்னொன்று, குறுந்தொழில் கடன்களுக்கான உத்தரவாத நிதி. கடன் வாராக்கடனானால் வங்கியின் இழப்பில் ஒரு பகுதியை அந்த நிதி ஈடுகட்டும். அந்தத் தைரியத்தில்தான் வங்கி சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் தருகிறது.

இந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடன் வாங்கியவருக்கு அல்ல. அரசு வங்கிக்கு ஈடுகட்டிவிட்டது என்பதால் நம் கடன் தீர்ந்துவிடாது. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கறை நிற்கும், வசூல் நடவடிக்கையும் தொடரும். "அரசாங்கக் கடன்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தோடு இதை வாங்குவது பெரிய ஆபத்து. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அப்புறம் எந்தத் திட்டத்துக்கும் அந்தப் பெயர் சுலபத்தில் தேறாது.

முத்ராவில் வட்டியை வங்கியே முடிவு செய்கிறது. இதே முத்ரா பெயரில் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களும் கடன் தருகின்றன. அங்கே வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். பொதுத்துறை வங்கியில் அதே தொகைக்கு ஏறக்குறைய பாதி வட்டிதான் ஆகும். ஆகவே முத்ரா கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன்னால், தருவது யார் என்று பாருங்கள்.

சரி, யாருக்கு இது பொருந்தும்? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடைக்குச் சரக்கு வாங்கப் பணம் வேண்டும், தேவை சில லட்சங்களுக்குள், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்றால் முத்ராதான். குழு ஒப்புதல், பயிற்சிச் சான்றிதழ், மானியக் கோரிக்கை என்ற படிகள் இதில் இல்லை.

பி.எம்.இ.ஜி.பி.: மானியம் உண்டு, ஆனால் மூன்று வருடம் பூட்டில்

2008-இல் இரண்டு பழைய திட்டங்களை இணைத்து உருவானது இது. கதர் கிராமத் தொழில் ஆணையம், கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம் ஆகியவை வழியாக நடக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு போகலாம். பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதம், கிராமப்புறத்தில் 25 சதவீதம் மானியம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு முறையே 25, 35 சதவீதம். சொந்தப் பங்கு பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், மற்றவர்களுக்கு 5 சதவீதம். 2022-இல் தந்த ஒப்புதல் 2025-26 வரைக்குமானது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கிராமம், நகரம் என்ற பிரிவில் பணம் ஒளிந்திருக்கிறது. ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராமம், நகராட்சி மாநகராட்சி என்றால் நகரம். கோயம்புத்தூர், திருப்பூர், மதுரை போன்ற ஊர்களின் ஓரத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருக்கிறது. 10 லட்ச ரூபாய்த் திட்டத்தில் அந்தச் சாலையைக் கடப்பதன் மதிப்பு ஒரு லட்சம். வாடகை ஒப்பந்தம் போடும் முன்னால் இதைப் பார்த்துக்கொள்ளாதவர்கள் எத்தனையோ பேர்.

இனி மானியம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கிராமப்புறப் பெண் ஒருவர் 10 லட்சத்தில் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 50,000 போடுகிறார். வங்கி 9.5 லட்சம் கடன் தருகிறது. மானியம் 3.5 லட்சம் வங்கிக்கு வந்ததும் அவர் பெயரில் மூன்று வருட வைப்புத் தொகையாகப் போய் உட்காரும். அதற்கு வட்டி வராது. அதே அளவு கடன் தொகைக்கு வங்கியும் வட்டி போடாது. மூன்று வருடம் கழித்து அதிகாரிகள் வந்து தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் அது கடனில் கழியும்.

ஆக, அந்த 3.5 லட்சம் ஒரு நாளும் அவர் கையில் புரளாது. வட்டி கட்டும் கடன் 6 லட்சம் என்று ஆகிறது, அவ்வளவுதான். இது நல்ல உதவிதான். ஆனால் "மானியம் வந்ததும் அதில் இன்னொரு மெஷின் வாங்கலாம்" என்று யாராவது திட்ட அறிக்கை எழுதியிருந்தால் அதைக் கிழித்துப் போட வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பெரும்பாலான விளம்பரங்கள் சொல்வதில்லை. வங்கி முதலில் கடனை விடுவித்து, பிறகு மானியத்தைக் கோரும். அது வந்து சேரும்வரை முழு 9.5 லட்சத்துக்கும் வட்டி ஓடும். வட்டி 11 சதவீதம் என்று வைத்தால், மானியம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவருக்குச் சுமார் 3,200 ரூபாய் கூடுதல் செலவு. தொழில் காலூன்றாத முதல் மாதங்களில் இது சின்னத் தொகை இல்லை. கடன் விடுவித்த கையோடு கோரிக்கை போய்விட்டதா என்று மேனேஜரிடம் கேட்பது உரிமை. தயங்க வேண்டாம்.

நிபந்தனைகளும் இருக்கின்றன. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. எந்திரமோ கட்டுமானமோ இல்லாமல் வெறும் நடைமுறை மூலதனத்துக்கு (சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணம்) மட்டும் கடன் கேட்க முடியாது. நடைமுறை மூலதனத்தை ஒப்புக்குக் கூட்டிக் காட்டினாலும் சிக்கல்: மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது அந்த வரம்பு முழுவதையும் எடுத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேலான திட்டங்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். குடும்பத்தில் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

வரிசை மாறினால் கணக்கு மாறும்

இதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம். பி.எம்.இ.ஜி.பி. முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டுமே. "முதலில் சின்னதாக முத்ராவில் தொடங்கிப் பார்ப்போம், பிறகு பெரிய மானியத்துக்குப் போகலாம்" என்று ஒருவர் யோசித்தால், அந்த முத்ராக் கடனில் தொழில் தொடங்கிய நாளே 35 சதவீதக் கதவு அவருக்கு மூடிவிடுகிறது. பிறகு திறந்திருப்பது விரிவாக்கத்துக்கான இரண்டாவது கடன். முத்ராவில் தொடங்கிய தொழில்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம், உற்பத்திக்கு ஒரு கோடி வரை போகலாம். ஆனால் மானியம் 15 சதவீதம்தான். முதல் கடனை உரிய காலத்தில் அடைத்திருக்க வேண்டும், மூன்று வருடமாக லாபத்தில் நடந்திருக்க வேண்டும்.

ஒரே மனிதர், ஒரே தொழில். எதை முதலில் வாங்கினார் என்பதை வைத்து 35 சதவீதம் 15 ஆகிறது. இதை யாரும் கவுன்டரில் உட்கார வைத்துச் சொல்வதில்லை. திட்டத்தின் பெயரைக் கேட்பார்கள், ஆதார் நகல் கேட்பார்கள், அவ்வளவுதான்.

மாநில அரசின் திட்டங்கள்

யு.ஒய்.இ.ஜி.பி. என்பது வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான தமிழக அரசின் திட்டம். திட்ட மதிப்பு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, குடும்ப வருமான வரம்பு உண்டு. இதன் பலம் வியாபாரத்தைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வது. மளிகை, ஜவுளி, உதிரிபாகக் கடை போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நீட்ஸ் வேறு உயரம். 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு. 25 சதவீத மானியம், உச்சம் 75 லட்சம். தவணை தவறாமல் கட்டுகிறவர்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. படிப்புத் தகுதியும் தொழில்முனைவோர் பயிற்சியும் உண்டு. சிறிய தொழிற்சாலை போடும் எண்ணத்தில் இருப்பவர் பி.எம்.இ.ஜி.பி.யின் 50 லட்ச உச்சத்துக்குள் திட்டத்தைக் குறுக்கி எழுதுவதைவிட, உண்மையான மதிப்பைப் போட்டு நீட்ஸுக்குப் போவதே சரி. குறுக்கி எழுதிய திட்டத்தில் பாதியில் பணம் தீர்ந்துபோய்க் கட்டடம் மட்டும் நிற்பதைத் தொழிற்பேட்டைகளில் பார்க்கலாம்.

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-24-இல் வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மட்டும். என் பார்வையில், பின்தங்க வைக்கப்பட்டவர்களுக்கான கடன் எப்படி அமைய வேண்டும் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்த திட்டம் இதுதான். மொத்த மதிப்பில் 35 சதவீதம் மானியம், உச்சம் ஒன்றரைக் கோடி. மீதி 65 சதவீதம் வங்கிக் கடன். சொந்தப் பங்கு தேவையில்லை. படிப்புத் தகுதி இல்லை. வயது 55 வரை. உற்பத்தி, சேவை, வியாபாரம் மூன்றுக்கும் உண்டு. ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்கவும் கிடைக்கும். கடனுக்கு 6 சதவீத வட்டிச் சலுகையும் சேர்கிறது.

இங்கே மானியம் முன்முனை மானியம். அதாவது, திட்டத்தின் முதலீட்டுக்குள்ளேயே அது வந்துவிடுகிறது, மூன்று வருடம் பூட்டில் இருப்பதில்லை. சொந்தப் பங்கு கேட்காததன் அருமை, அந்த 5 சதவீதத்தைப் புரட்ட அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். 20 லட்சத் திட்டத்துக்கு 5 சதவீதம் என்றால் ஒரு லட்சம். பரம்பரைச் சொத்து இல்லாத வீட்டில் அந்த ஒரு லட்சம் நகை அடகிலிருந்தோ மீட்டர் வட்டியிலிருந்தோதான் வரும். தொழில் தொடங்கும் முன்னாலேயே ஒரு கடன் தலையில் ஏறிவிடும். அரசு 95 சதவீதத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு மீதி 5 சதவீதத்தைக் கந்துவட்டிக்காரரிடம் விட்டுவிடுகிறது என்றால் அது அரைகுறை உதவிதான்.

அதே 10 லட்சம், மூன்று வழிகளில்

கிராமப்புறத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண். தொழில் 10 லட்சம். மூன்று வழிகளும் அவருக்குத் திறந்திருக்கின்றன. வட்டி எல்லாவற்றிலும் 11 சதவீதம் என்றும், முதல் வருடம் அசல் குறையவில்லை என்றும் கணக்கை எளிமையாக வைத்துக்கொள்வோம்.

முத்ராவில் 10 லட்சமும் கடன் என்றால் முதல் வருட வட்டி 1,10,000. ஐந்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 21,740 ரூபாய். பி.எம்.இ.ஜி.பி.யில் 50,000 சொந்தப் பணம், மானியம் வந்து சேர்ந்த பிறகு வட்டி ஓடும் கடன் 6 லட்சம், வருட வட்டி 66,000. அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் சொந்தப் பணம் ஒன்றுமில்லை, கடன் 6.5 லட்சம், வருட வட்டி 71,500. அதில் 6 சதவீதமான 39,000-ஐ அரசு ஏற்கிறது. அவர் தலையில் நிற்பது 32,500.

பார்த்தால் பி.எம்.இ.ஜி.பி.க்கும் இதற்கும் மானியம் ஒன்றுதான், 35 சதவீதம். கையிலிருந்து போட வேண்டியதும் வருட வட்டியும் சேர்ந்து முதல் வருடத்தில் 80,000-க்கு மேல் வித்தியாசம். "மானியம் எவ்வளவு" என்ற ஒரே கேள்வியோடு போனவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

இதே பெண் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்றால் மூன்றாவது வழி இல்லை. அப்போது உற்பத்தி என்றால் பி.எம்.இ.ஜி.பி., கடை என்றால் யு.ஒய்.இ.ஜி.பி. என்று பிரிப்பேன். பொதுப் பிரிவைச் சேர்ந்த நகர்ப்புற ஆணுக்கு பி.எம்.இ.ஜி.பி.யில் 15 சதவீதம்தான். வயதும் வருமான வரம்பும் ஒத்துவந்தால் அவருக்கு யு.ஒய்.இ.ஜி.பி.யின் 25 சதவீதம் மேல். தேவை ஒன்றிரண்டு லட்சம்தான் என்றால், யாராக இருந்தாலும் மானியத்துக்காக மாதக்கணக்கில் அலைவதால் இழக்கும் வருமானத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்வேன். அங்கே முத்ரா ஜெயிக்கும்.

கைவினைஞர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் (2023 செப்டம்பர்) 18 தொழில்களுக்கு 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு 2 லட்சம் தருகிறது. குடும்பத்தில் வழிவழியாக வரும் தொழில் என்ற பார்வை அதில் இருப்பதைத் தமிழக அரசு ஏற்காமல், 25 தொழில்களுக்குச் சாதி பாராத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியாகக் கொண்டுவந்தது. 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம் (உச்சம் 50,000), வட்டிச் சலுகையும் உண்டு. வயது 35 ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கைவினைஞருக்கு நடைமுறையில் இதுதான் வழி.

வங்கி வாசலில்

எந்தத் திட்டமானாலும் கடைசியில் முடிவெடுப்பது கிளை மேனேஜர். மாவட்டத் தொழில் மையம் பரிந்துரை அனுப்பினாலும் கடன் தந்தே ஆக வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது. இதனால்தான் திட்டத்தை வைத்து வங்கியைத் தேடாமல், நம் ஊர்க் கிளையில் கணக்கைச் சில மாதமாவது நல்லபடியாக ஓடவிட்டு, அங்கே பேசிவிட்டு விண்ணப்பத்தில் அந்தக் கிளையைக் குறிப்பிடச் சொல்கிறேன். குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே செய்துவிடலாம். பி.எம்.இ.ஜி.பி. விண்ணப்பமும் மாநிலத் திட்ட விண்ணப்பங்களும் இணையத்திலேயே போடலாம், கட்டணம் எதுவும் இல்லை. "மானியத்தில் இத்தனை சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று வரும் ஏஜென்டுக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

திட்ட அறிக்கையை மட்டும் யாரிடமோ 2,000 ரூபாய்க்கு வாங்கி ஒப்படைக்காதீர்கள். மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு விற்றால் தவணை கட்ட முடியும்?" என்பதாகத்தான் இருக்கும். பதில் அறிக்கையில் இருந்து உங்கள் வாயில் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கொட்டேஷன் தரும் எந்திரக்காரர், சரக்கு வாங்கப்போகும் இடம், முதல் வாடிக்கையாளர்கள் என்று உங்களுக்குத் தெரிந்த மூன்று விஷயங்களைச் சொந்த வார்த்தையில் சொல்லத் தயாராகப் போங்கள்.

ஜாமீன் கேட்டால் என்ன செய்வது? குறு, சிறு தொழில்களின் 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே சொல்லிவிட்டது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு, அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் 2000-இல் அமைத்த சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து அதன் வரம்பு 10 கோடி. பெண் தொழில்முனைவோருக்கு 90 சதவீதம் வரை உத்தரவாதம் உண்டு. அதற்கான வருடக் கட்டணம் கடன் வாங்குகிறவர் மேல் ஏறலாம் என்பதால், எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

"டார்கெட் முடிந்துவிட்டது", "அடுத்த மாதம் வாருங்கள்" என்று வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பினால் அதை நிராகரிப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டாம். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது வங்கியின் கடமை. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கவே கூடாது, அடுத்த மேல்நிலை அதிகாரிதான் காரணத்தோடு அதைச் செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதத்தோடு மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரையும், மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளரையும் பாருங்கள். வாய்வார்த்தையை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எழுத்தில் காரணம் இருந்தால், குறையைச் சரிசெய்து திரும்ப அனுப்பவோ வேறு கிளைக்கு மாற்றவோ அவர்களுக்கு வழி இருக்கிறது.